செவலை கத்தியது எப்போது

என் மாடுகள் ஏன் சினை பிடிப்பதில்லை என்பதற்கு, மதுரையில் இறங்கிய முதல் நாளே நான்கு காரணங்கள் கிடைத்துவிட்டன. விடுதி மேலாளர் தீவனம் என்றார். டீக்கடைக்காரர் தண்ணீர் என்றார். ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாரோ கண் வைத்திருக்கிறார்கள் என்றார். நான்காவது ஆள் சிம்மக்கல்லில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர். அவரிடம் நான் கேட்கவே இல்லை. ஆட்டோக்காரரிடம் நான் பேசியதைக் காதில் வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, "ஊசி போடுற கை சரியில்லண்ணே, அம்புட்டுத்தேன்" என்று சொல்லி, அடுத்த தாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். எழுதி முடித்தபோது, ஊரிலிருந்து புறப்பட்டபோது இருந்ததைவிட அதிகமாகக் குழம்பியிருந்தேன்.

நான் மலேசியாக்காரன். கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிக்குச் சற்றுத் தள்ளி, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டத்து ஓரமாக எட்டுக் கறவை மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறேன். எட்டில் மூன்று, ஈராண்டாகக் கன்று போடவில்லை. கால்நடை இலாகாவிலிருந்து ஆள் வந்து சினை ஊசி போடுவார். இருபத்தோரு நாள் கழித்து மாடு மறுபடியும் காளை தேடிக் கத்தும். போட்ட ஊசி வீண் என்று அப்போது தெரியும். அந்த மூன்றில் கருப்பி என்று ஒருத்தி, கொட்டகையிலேயே அதிகம் கறப்பவள். அவளுக்கு மூன்று ஊசியும் வீணாகிவிட்டன. கன்று போடாத மாட்டுக்குப் பால் நாளுக்கு நாள் வற்றும், வயிறு மட்டும் வற்றாது. இந்தப் பயணத்திலும் வழி பிறக்கவில்லை என்றால் எட்டையும் விற்றுவிட்டு, கொட்டகை இருக்கும் இடத்தை லோரி நிறுத்த விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். முடிவு என்னுடையது. என் மனைவி சரஸ் அதைக் கேட்டுக்கொண்டே பால்கேனைக் கழுவினாள். மறுநாள் காலையில் வழக்கத்தைவிட அதிக நேரம் கொட்டகையிலேயே இருந்தாள்.

மதுரைக்கு வரக் காரணமாக இருந்தவன் எங்கள் ஊர் உணவகத்தில் ரொட்டி சானாய் வீசும் பீட்டர். அவன் மதுரைக்காரன். தன் அண்ணன் ஆரோக்கியம் அங்கே மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர் என்றும், அவர் போட்டால் ஒரே ஊசியில் நிற்கும் என்றும் மாவை வீசிக்கொண்டே சொன்னான். எனக்கு அன்று ரொட்டி இறங்கவில்லை. ஒரே ஊசியில் நிற்கும் என்ற வார்த்தை மட்டும் காதிலேயே நின்றது.

முதல் நாள் மாலை சிம்மக்கல் பக்கம் நடந்தேன். ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் தூசியும் மல்லிகை வாசமும் கலந்திருந்தன. தள்ளுவண்டியில் ஒருவர் பித்தளை அண்டாவிலிருந்து ஏதோ மொண்டு கொடுத்தார். பருத்திப்பால் என்றார். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பால் எடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. எங்கள் ஊரில் பருத்திக்கொட்டை கிடைத்தால் மாட்டுக்குத்தான் வைப்போம். இங்கே மனிதர்கள் வரிசையில் நின்று குடிக்கிறார்கள். நான் இரண்டு டம்ளர் குடித்தேன். பக்கத்தில் நின்றவர், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை கொடுத்தால் சினை நிற்கும் என்றார். வண்டிக்காரர், அது அதிகமானால் சினையே நிற்காது என்றார். இருவரும் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் விடுதியிலிருந்து சரசுக்குப் போன் செய்தேன். கருப்பியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். இங்கே பெரிய விஷயங்கள் கற்றுக்கொண்டிருக்கிறேன், மாட்டுக் கதையெல்லாம் வந்து பேசிக்கொள்ளலாம் என்று நான் வைத்துவிட்டேன். மாட்டுக் கதை கேட்கத்தான் மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து வந்திருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை ஆரோக்கியம் விடுதி வாசலுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள மனிதர். மனைவி பள்ளி ஆசிரியை, வீடு கே.கே. நகரில். பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் நம் செருப்பைப் பார்ப்பார். மோட்டார் சைக்கிளின் பின்னால் இரும்புச் சட்டத்தில் ஒரு கேன் உட்கார்ந்திருந்தது. வாய் குறுகி, வயிறு பெருத்த அலுமினியக் கேன். நான் பால்கேன் என்று நினைத்து மூடியில் கை வைக்கப் போனேன். "தொட்டுறாதீங்கண்ணே" என்று பதறினார். உள்ளே திரவ நைட்ரஜன். தொட்டால் விரல் வெந்தது போலப் புண்ணாகிவிடும், அத்தனை குளிர். அதற்குள் பேனா ரீபிள் போன்ற மெல்லிய குச்சிகள், ஒவ்வொன்றிலும் உறைந்த காளை விந்து. அதை இளக்கி, மாட்டின் கருப்பைக்குள் சேர்ப்பதைத்தான் இரண்டு நாட்டிலும் சினை ஊசி என்கிறோம். அதில் ஊசி என்று எதுவும் இல்லை.

கேனுக்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். வேகத்தடை வரும்போதெல்லாம் கேன் என் முதுகில் இடித்தது. கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது மூடி இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை வழிந்தது. பக்கத்து ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, குல்பி எவ்வளவு என்று கேட்டார். ஆரோக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். பச்சை விழுந்து காப்பாற்றியது.

அன்று போனது மேலூர்ப் பக்கம் ஒரு கிராமம், ஆரோக்கியத்தின் மாமனார் ஊர். வண்டி ஊருக்குள் நுழைந்ததுமே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளை இளைத்துவிட்டார், எங்கள் பெண் சமைத்துப் போடுவதில்லையா என்று ஒருத்தி கேட்டாள். சினை ஊசி போடுகிறவருக்கே ஒரே பிள்ளைதானா என்று இன்னொருத்தி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். மனிதர் காது வரை சிவந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் வயதான பெண் ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போய், முந்தின நாள் மாடு என்ன செய்தது, எத்தனை தடவை சிறுநீர் விட்டது, வால் எந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தது என்று விடாமல் ஒப்பித்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. ஊர்ப் பேச்சு வேகம் அப்படி.

மாடு சாணியும் சகதியுமாக நின்றது. எங்கள் கொட்டகையில் அப்படி ஒரு மாட்டை இலாகா ஆள் பார்த்தால் திட்டிவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். ஆரோக்கியம் முகம் சுளிக்கவில்லை. பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, வெப்பமானி வைத்துப் பார்த்து, குச்சியைப் போட்டு, உதட்டுக்குள் முப்பது எண்ணினார். எடுத்து ஈரம் துடைத்துக் குழாயில் பொருத்தி, குளிர்ந்துவிடாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். தோள் வரை உறை மாட்டிக் கையை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நிமிடம் வேறு எங்கேயோ போய்விட்டு வந்தார். அவ்வளவுதான் வேலை. இந்த ஊரில் நான் போட்டால் ஒரே ஊசிதான் என்றார், மெதுவாக. கொட்டகைகளைச் சுற்றிப் பார்த்தேன். உண்மைதான், எங்கே திரும்பினாலும் கன்று.

மதியம் மாமனார் வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. காரத்தில் என் காதுக்குள் விசில் அடித்தது. மோர் ஊற்றிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினேன்: இந்த ஊர்த் தண்ணீர் உப்பு. புல் கோரை. மாட்டைக் கழுவுவதில்லை. அழுக்கு நல்லதா?

அடுத்த நாள் வியாழக்கிழமை, நேர் எதிர்த் திசையில் போனோம். சோழவந்தான் போகும் வழியில், கால்வாயை ஒட்டி நெல்லும் வாழையும் தென்னையுமாக ஒரு ஊர். தண்ணீர் நல்ல தண்ணீர். புல் இடுப்பு உயரம். மாடுகளைக் கல்யாணப் பெண்ணைப் போலக் கழுவி நிறுத்தியிருந்தார்கள், முக்கியமாகப் பின்பக்கத்தை. வாசற்படியில் ஒரு செம்பு வெந்நீரும் சோப்பும் தயாராக இருந்தன. எங்களைத் திட்ட ஆளில்லை, கேலி செய்ய ஆளில்லை. பெண்கள் யாரையுமே காணவில்லை. இதுவல்லவா ஊர் என்று நினைத்தேன்.

"இந்த ஊருலதேன் எனக்குச் சினையே நிக்க மாட்டேங்குது அண்ணே" என்றார் ஆரோக்கியம்.

எனக்குத் தலை சுற்றியது. அதே கை, அதே கேன், அதே குச்சி. அங்கே உப்புத் தண்ணீரும் சாணியும், ஒரே ஊசியில் நிற்கிறது. இங்கே பன்னீர் தெளிக்காத குறை, மூன்று ஊசிக்கும் நிற்கவில்லை. தாது உப்புக் கலவை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாராம். குச்சியின் வகையை மாற்றிப் பார்த்தாராம். சோழவந்தான் பக்கம் போகும்போது மட்டும் வேறு கையுறை போட்டுப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

அந்த ஊரில்தான் பாண்டியின் வீடு. பாண்டி அதிகாலையில் லோடு ஆட்டோவில் வாழையிலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சிம்மக்கல் போய், பத்து மணிக்குத் திரும்புகிறவர். வீட்டில் ஒரே மாடு, செவலை. பெயருக்கேற்ற சிவப்பு, நெற்றியில் சின்னதாக ஒரு வெள்ளை. மூன்றாவது ஊசி போட்டுப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டொரு நாளில் மறுபடி கத்தினால் அதுவும் போச்சு. நான்காவது ஒன்று போட்டுப் பார்ப்பது, அதுவும் நிற்காவிட்டால் சந்தைக்கு ஓட்டிவிடுவது என்று பாண்டி முடிவு செய்திருந்தார். தரகர் வந்து பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டும் போயிருந்தார். சந்தையில் கன்று போடாத மாட்டை யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செவலை பாண்டியின் மனைவி முத்துலட்சுமி பிறந்த வீட்டிலிருந்து கன்றாக வந்தது என்று பாண்டியே சொன்னார். முடிவைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அவ என்ன சொல்றது" என்றார் பாண்டி. அந்தப் பதில் எனக்கு மிகவும் இயல்பாகத் தோன்றியது. கதவுக்குப் பின்னால் ஒரு சேலை நிறம் அசைந்ததை மட்டும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வேலையே நடக்கவில்லை. காலையில் தத்தனேரிப் பக்கம் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியதும் கேனைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஒரு பக்கம் விட்டுவிட்டது. கேனைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, குளிர் சட்டை வழியாக ஏற, செல்லூர் வரை நடந்தேன். ஆரோக்கியம் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். விசைத்தறிகளின் சத்தத்துக்கு நடுவே, இரண்டு ஆள் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்தில், காஜா பாயின் வெல்டிங் பட்டறை இருந்தது. பாய் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜும்மா தொழுகை முடித்து வந்து ஒட்டித் தருகிறேன், அதுவரை உட்காருங்கள் என்றார். எங்களுக்குப் பக்கத்துக் கடையிலிருந்து பரோட்டா வரவழைத்தார். எங்கள் ஊர் ரொட்டி சானாய் இதற்குத் தம்பி முறை என்று சொல்லலாம், ஆனால் சால்னாவுக்கு எங்களிடம் உறவே கிடையாது. நான் மூன்று சாப்பிட்டேன்.

பாய் திரும்பி வந்ததும் அவரிடமும் என் மாட்டுப் பிரச்சினையைச் சொன்னேன். மதுரையில் இதற்குள் நான் சொல்லாத ஆளே இல்லை. அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் வீட்டு ஆடுகளைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் மனைவி பீவிக்குத்தான் தெரியும், எது குட்டி போடும் எது போடாது என்று அவர்தான் சொல்வார் என்றார். இது ஒரு பதிலா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மரியாதைக்குத் தலையாட்டினேன். அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரைக்குப் பாண்டி வழியிலிருந்து போன் செய்தார். செவலை இன்று காலையில் கத்துகிறது. மூன்றாவதும் போச்சு. ஆரோக்கியம் முகம் வாடிப் போனது. காலையில் கத்தினால் மாலையில் ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி, அதுதான் தொழில் முறை. எனவே சாயங்காலம் வருவதாகச் சொன்னார். பிறகு அந்தப் பக்கம் இன்னொரு மாட்டைப் பார்க்கப் போனபோது, நான்தான் செவலையை ஒரு கண் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தொந்தரவு செய்தேன். சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றபோது மணி ஒன்பது.

பாண்டி வரவில்லை. போன் அணைந்திருந்தது. லோடு ஆட்டோ யானைக்கல் பாலத்தில் நின்றுவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரருக்கு யார் மூலமோ தகவல் வந்திருந்தது. செவலை கட்டுத்தறியில் நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் வருவது தெரியாததால் கழுவி நிறுத்தவில்லை. ஆரோக்கியம் கொட்டகைக்குள் போய், வாலைத் தூக்கிப் பார்த்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

வாலின் மயிரில் ஏதோ மெழுகு போலக் காய்ந்து ஒட்டியிருந்தது. பருவத்துக்கு வந்த மாட்டுக்குக் கண்ணாடி போல ஒழுகும், அது காய்ந்தால் இப்படி ஆகும். காலையில் வந்திருந்தால் இதற்குள் இத்தனை காயாது என்றார் என்னிடம், தரையைப் பார்த்து. பிறகு வீட்டுக் கதவைப் பார்த்தார். மூன்று வருடமாக வந்து போகிற வீட்டில் ஒரு தடவைகூட அவர் அந்தக் கதவுப் பக்கம் பேசியதில்லை. அந்த ஊரில் ஊசிக்காரர் வந்தால் பெண்கள் வெந்நீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மாட்டின் அந்தச் சமாச்சாரத்தை வெளி ஆம்பளையிடம் ஒரு பெண் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது வழக்கம். இவரும் குனிந்த தலை நிமிராதவர். இரண்டு பக்க மரியாதையும் சேர்ந்து மாட்டின் கழுத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

நான் வயதானவன், வெளிநாட்டுக்காரன், இரண்டுமே வெட்கத்தைக் குறைக்கும். கதவுப் பக்கம் போய், அம்மா, செவலை எப்போது கத்தியது என்று கேட்டேன்.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. முத்துலட்சுமிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஈரச் சாம்பல், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஆரோக்கியத்தைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் பேசினாள்.

"கத்துனது காலையிலதேன்யா. ஆனா நேத்துச் சாயங்காலம் பால் பீச்சையிலயே ஒழுக்கு கண்டுருச்சு. கால மாத்தி மாத்தி வச்சுச்சு, பாலும் ஒழுங்கா விடல. சோறு போடையில அவுககிட்டச் சொன்னேன். காலையில போன் போடுறேன்னாக."

போன தடவையும் அப்படியா என்று கேட்டேன். மூன்று தடவையும் அப்படித்தான் என்றாள். அவள் மாலையில் பார்ப்பாள், இரவு கணவனிடம் சொல்வாள். அவர் காலையில், தன் காதில் செவலை கத்துவதைக் கேட்டபின், தான் கேட்ட நேரத்தைப் போனில் சொல்வார். ஊசிக்காரர் வருகிறார் என்றால், அழுக்கு மாட்டைக் காட்டக் கூடாது என்று அவள் வாலையும் பின்பக்கத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவாள். இருந்த ஒரே சாட்சியும் சாக்கடையில் போய்விடும். ஆரோக்கியம் சாயங்காலம் வந்து, அரை நாள் தாமதமாக, உலகத்திலேயே சுத்தமான மாட்டுக்கு ஊசி போடுவார்.

மேலூர் மாமனார் ஊரின் இரகசியம் உப்புத் தண்ணீரும் இல்லை, சாணியும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே பெண்கள் மாப்பிள்ளையைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சொன்னார்கள். நான் அதைக் கேலிக்கூத்து என்று நினைத்து, புல்லை எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆரோக்கியம் முதல் தடவையாக நிமிர்ந்து முத்துலட்சுமியைப் பார்த்தார். நேற்று மாலை என்றால் ஊசி இப்போதே போட வேண்டும், சாயங்காலம் போட்டால் இதுவும் வீண் என்றார். அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் இல்லை, அவரைக் கேட்கவும் வழியில்லை. போட்டு, நிற்காமல் போனால், அவர் இல்லாத நேரத்தில் நீ போடச் சொன்னதால்தான் என்ற பேச்சு காலத்துக்கும் இருக்கும். போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகுகாலம், பாண்டி இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டான் என்று எடுத்துக் கொடுத்தார்.

அவள் செவலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குள் பயமாகவே இருந்தது. நாமாக வந்து ஒரு குடும்பத்தில் குழப்பத்தை இழுத்துவிட்டோமோ என்று நினைத்தேன்.

"சந்தைக்கு ஓட்டுறதுக்கு நல்ல நேரம் பாத்து என்ன செய்யப் போறோம். போடுங்கண்ணே" என்றாள். முதல் தடவையாக ஆரோக்கியத்திடம் நேராகப் பேசினாள். உள்ளே போகவுமில்லை. செவலையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு, நெற்றி வெள்ளையைத் தடவிக்கொண்டு, அவர் முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். ஆரோக்கியம் முப்பது வரை எண்ணியது இந்தத் தடவை வெளியே கேட்டது.

திரும்பும் வழியில் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினார். சிறுநீர் கழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். இறங்கவில்லை. "நான் கேக்க வேண்டிய ஆள விட்டுட்டு எல்லாத்தையும் கேட்டுருக்கேன் அண்ணே" என்றார். கையுறையைக்கூட மாற்றிய மனிதர். எனக்கு அவரைத் தேற்ற வேண்டும் போல இருந்தது, ஆனால் தேற்றும் நிலையில் நான் இல்லை. எனக்கு என் வீட்டுக் கொட்டகை நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் பால் கறப்பது சரஸ். இரண்டு வேளையும். நான் பால் ஊற்றுகிறவன், இலாகாவுக்குப் போன் செய்கிறவன், விவசாயி என்று படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவன்.

தோப்பு ஓரத்திலிருந்தே அவளைக் கூப்பிட்டேன். கருப்பி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். அன்றைக்குச் சொல்ல வந்தேனே என்றாள். செவ்வாய்க்கிழமை மாலையே கருப்பி பருவத்துக்கு வந்துவிட்டாளாம். இலாகாவுக்கு என்னைச் சொல்லச் சொல்வதற்குத்தான் அன்று போனில் ஆரம்பித்தாளாம். நான் வைத்துவிட்டேன். நான்காவது வாய்ப்பு அப்படிப் போனது, என் கையாலேயே.

நீயே இலாகாவுக்குப் போன் செய்திருக்கலாமே என்றேன். கேட்ட பிறகுதான் கேட்டது உறைத்தது.

"நம்பர் உங்ககிட்டதானே இருக்கு" என்றாள் சரஸ்.

எட்டு வருடமாக மாடு வைத்திருக்கிறோம். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முன்னேயும் இப்படித்தானா, மாலையிலேயே தெரியுமா என்று கேட்டேன். சொல்லியிருக்கிறேன், நீங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருப்பீர்கள், காலையில் பார்க்கலாம் என்பீர்கள் என்றாள். வெட்கமாக இருந்தது. அறுபது வயதில் ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் நின்று வெட்கப்பட்டேன். எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்றேன். பேனா தேடினாள், கிடைக்கவில்லை போல. கரித்துண்டால் கொட்டகைச் சுவரில் எழுதிக்கொள்கிறேன் என்றாள். ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிப் படித்துக் காட்டினாள்.

அதற்குப் பிறகு மதுரையில் நான்கு நாள் இருந்தேன். மீனாட்சியைப் பார்த்தேன், கறிதோசை சாப்பிட்டேன், பீட்டர் கேட்ட சாமான்களை வாங்கினேன். ஆரோக்கியம் ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்கு இரண்டடி தள்ளி நின்று, முதலில் பார்த்தது யார், எப்போது, என்று கேட்க ஆரம்பித்திருந்தார். முதல் இரண்டு வீட்டில் குரல் நடுங்கியது. மூன்றாவது வீட்டில் ஒரு பெண், இதைக் கேட்க இத்தனை வருடமா என்று திருப்பிக் கேட்டாள். கிளம்பும் முன் பாண்டியின் வீட்டுக்கும் ஒருமுறை போனோம். ராகுகாலத்தில் ஊசி போட்டதற்காகப் பாண்டி எங்களிடம் முகம் கொடுக்கவில்லை. முத்துலட்சுமி என் மனைவியைப் பற்றிக் கேட்டாள். எட்டு மாட்டையும் அக்கா ஒரே ஆளாகவா பீச்சுறாங்க என்றாள். ஆமாம் என்றேன், ஏதோ நானே கறப்பது போன்ற பெருமையோடு. என் எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஊர் திரும்பியபோது கொட்டகைச் சுவரில் இலாகாவின் எண் கரியால் பெரிது பெரிதாக எழுதியிருந்தது. நான் போனை வைத்த அந்தச் செவ்வாயிலிருந்து மூன்றாவது செவ்வாய்க்கிழமை மாலை கருப்பி கால் மாற்றி வைத்தாள். சரஸ் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து எண்ணை அழுத்தினாள். இலாகா ஆள் வீட்டில் ஐயா இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும். இருக்கிறார், மாடு என்னிடம்தான் இருக்கிறது என்றாள். புதன்கிழமை காலை அவர் வந்து போட்டுவிட்டுப் போனார். நான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தேன்.

செவலைக்கு ஊசி போட்ட இருபத்தோராம் நாள் சனிக்கிழமை. காலையிலிருந்தே எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மதுரையில் இன்னும் விடிந்திருக்காது, இப்போது விடிந்திருக்கும், இப்போது பால் பீச்சியிருப்பாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். அன்று எதுவும் வரவில்லை. ஞாயிறும் போனது. அவ்வளவுதான், தரகர் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். திங்கள் மாலை, சரஸ் பால் கறந்துகொண்டிருந்த நேரத்தில், மதுரை எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பாண்டியின் எண். எடுத்தேன், பேசியது முத்துலட்சுமி. அவுக இப்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் லோடுக்குப் போகிறார்கள் என்றாள். ரெண்டு நாள் கூடவே பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தாளாம்.

செவலை என்னாச்சு என்று கேட்டேன்.

"அக்காகிட்டக் குடுங்கய்யா" என்றாள்.

நான் கொட்டகைக்குள் போய், கருப்பியின் மடியிலிருந்து கையை எடுத்துக்கொண்ட சரசிடம் போனைக் கொடுத்தேன். அவள் எழுந்து சுவர்ப் பக்கம் போய் நின்று பேசினாள். முன்பின் பார்த்திராத இரண்டு பேர், கால் மாற்றி வைப்பதையும் பால் விடாததையும் வால் ஒதுங்குவதையும் பற்றி, நான் கேட்கக் கூடாது என்ற நினைப்பே இல்லாமல் வெகுநேரம் பேசினார்கள். நடுவில் ஒருமுறை சரஸ் என் பக்கம் திரும்பி, போனை மறைத்துக்கொண்டு, "கத்தலையாம்" என்றாள். பிறகு மறுபடியும் பேசப் போய்விட்டாள். நான் முக்காலியில் உட்கார்ந்து, பாதியில் நின்ற பாலைக் கறக்கப் பார்த்தேன். கருப்பி எனக்குப் பால் விடவில்லை.